கதவுக்குப் பின்னால் ஓர் அலவாங்கு

என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஓர் அலவாங்கு சாய்ந்து நிற்கிறது. நான்கரை அடி இரும்பு. ஒரு முனை கூர், மறுமுனை உளியைப் போலத் தட்டை. கை பிடிக்கும் இடத்தில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கிச் சுற்றியிருக்கிறது. கொட்டாஞ்சேனையில் ஆறாம் மாடியில் தனியாக இருக்கும் பெண்ணுக்கு மண்ணைக் குத்தும் தேவை எதுவும் இல்லை. அதனால் வருகிறவர்கள் கேட்பார்கள். கள்ளருக்காக வைத்திருக்கிறீர்களா என்று சிரிப்பார்கள். ஒரு வேலையாள் விட்டுப்போனது என்று நான் பல காலம் பதில் சொல்லி வந்தேன். அதில் பொய் இல்லை. செய்தி மேசையில் முப்பது வருடம் இருந்தவளுக்கு, பொய் இல்லாத ஒரு வாக்கியம் எவ்வளவை மறைக்கும் என்பது தெரியும்.

அந்த வேலையாளை எல்லோரும் ஒப்பரேட்டர் என்றே அழைத்தார்கள். நான் அவரை முதலில் கண்டது எங்கள் மாடிக் கட்டடத்தின் பின்புற வாய்க்காலில். லொறி நுழைய முடியாத சந்து அது. அதற்குள் ஒரு மஞ்சள் இயந்திரம் நுழைந்து சேற்றை அள்ளிக்கொண்டிருந்தது. அகலம் ஐந்து அடி இருக்காது. நான்கு தடித்த சில்லுகள், நடுவில் ஓர் ஆள் மட்டும் உட்காரக்கூடிய இரும்புக் கூடு, கூட்டின் இருபுறத்தாலும் முன்னோக்கி நீளும் இரண்டு கைகள். நின்ற இடத்திலேயே சுற்றித் திரும்பும். சந்தில் இருந்தவர்கள் அதைக் குட்டி பெக்கோ என்றார்கள். அவர் ஒவ்வொரு தடவையும் திருத்தினார். பெக்கோவுக்குப் பின்னால் ஒரு தும்பிக்கை இருக்கும், இதற்கு எல்லாமே முன்னால்தான், ஆள் ஏறுவதும் இறங்குவதும்கூட முன்னால்தான் என்றார். வேடிக்கையாகச் சொன்ன அந்த விபரத்தைப் பிறகு நான் பலமுறை நினைத்திருக்கிறேன்.

அப்போது அவருக்கு ஐம்பது வயது இருக்கும். மெலிந்த ஆள், காதோரம் நரை, சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீப்பு. மலைநாட்டிலிருந்து சின்ன வயதில் கொழும்புக்கு வந்த குடும்பம். எங்கள் கட்டடத்திலிருந்து பத்து நிமிட நடையில், தோட்டம் என்று நாங்கள் சொல்லும் ஒரு நெருக்கமான குடியிருப்பில், வரிசை வீடு ஒன்றில் மனைவியோடு இருந்தார். இயந்திரம் அவருடையது இல்லை. கிராண்ட்பாஸ் முதலாளி ஒருவரிடம் அப்படி நான்கு இயந்திரங்கள் இருந்தன, நான்கு ஒப்பரேட்டர்களும் இருந்தார்கள். வேலைக்குச் சொல்கிறவர்கள் இவரைத்தான் கேட்டு எடுத்தார்கள். காரணம் வேகம் இல்லை. நால்வரில் மிக மெதுவானவர் இவர்.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் ஆளில்லாத வீடுகள் அப்போது நிறைய இருந்தன. சொந்தக்காரர்கள் சிட்னியிலும் டொரொன்டோவிலும் இருப்பார்கள். வளவில் பற்றை மண்டும், கூரைப் பீலியில் தண்ணீர் தேங்கும், நுளம்பு பெருகும். பிறகு சுகாதாரப் பரிசோதகர் வந்து கேற்றில் டெங்கு நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போவார். அந்த நோட்டீசைப் படம் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் வேலை, உறவினர்களில் கொழும்பில் மிஞ்சியிருந்த எனக்கு வந்து சேர்ந்தது. அப்படி ஒப்பரேட்டரோடு நான் மூன்று வருடத்தில் ஐந்து வளவுகளில் நின்றிருக்கிறேன். கையில் தொலைபேசி இருக்கும். அதன் திரையில், தான் பார்த்து இருபது வருடமான தன் வளவைப் பார்த்தபடி யாரோ ஒருவர் இருப்பார். அந்த மாமரத்தை வெட்டாதேங்கோ என்பார். மாமரம் எப்போதோ விழுந்திருக்கும்.

ஒப்பரேட்டர் வேலை தொடங்கும் முறை எப்போதும் ஒன்றுதான். இயந்திரத்தில் மாட்டும் உருப்படிகளைச் சாமான் என்பார். மண் அள்ளும் பக்கட், கொங்கிறீட் உடைக்கும் பிரேக்கர், தூணுக்குக் குழி துளைக்கும் திருகு, வெட்டிய கிளைகளைக் கவ்வித் தூக்கும் கிடுக்கி, பற்றை வெட்டும் சுழல்கத்தி. ஒழுங்கை ஓரத்தில் சாக்கை விரித்து, அன்று எது முதலில் தேவையோ அது கைக்கு அருகே வரும்படி வரிசையாக வைப்பார். பிறகு இயந்திரத்தைத் தொடாமல் அலவாங்கை எடுத்துக்கொண்டு வளவுக்குள் போவார். இரண்டு அடிக்கு ஒரு தடவை அலவாங்கை ஒரு முழம் தூக்கி விடுவார். விழும் சத்தத்தைக் கேட்பார், கைக்கு வரும் அதிர்வைக் கவனிப்பார், அடுத்த அடி வைப்பார். வளவு முழுவதையும் அப்படி உழவு போலக் கோடு கோடாக நடந்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். சத்தம் மாறிய இடத்தில் ஓர் உடைந்த ஓட்டுத் துண்டை வைப்பார். பழைய மலக்குழி, மூடிய கிணறு, மண்ணுக்குள் போன தண்ணீர்த் தொட்டி. வெள்ளவத்தையின் பழைய வளவு எதுவும் முழுசாக மண் இல்லை என்பது அவர் கணக்கு. மெசினுக்குக் கண்ணும் இல்ல காதும் இல்ல மிஸ், ரெண்டரை டொன் பாரம் மட்டுந்தான் இருக்கு என்பார்.

ஒருமுறை ஒழுங்கைத் தலைப்பில் நிற்கும் முச்சக்கர வண்டிக்காரன் மதிலுக்கு மேலால் தலையை நீட்டினான்.

“என்ன அண்ணே, பூமி பூசையா? ஐயர கூப்பிடவா?”

அவர் நிமிரவில்லை. அடுத்த அடியில் அலவாங்கை விட்டபடியே, சிங்களத்தில் தம்பி என்று கூப்பிட்டுப் பதில் சொன்னார்.

“பூசை இல்ல மல்லி. மேல மட்டும் மூடி இருந்து உள்ள ஒண்ணும் இல்லாத எடத்த தேடுறேன். முடிச்சிட்டு உன் தலைப் பக்கம் வாரேன்.”

அன்று ஒழுங்கையே சிரித்தது. நான் என்ன வேலை செய்கிறேன் என்று அவர் விசாரித்ததும் அன்றுதான். ஒரு செய்தியை எப்படி நம்பி அச்சில் போடுகிறீர்கள் என்று கேட்டார். ஒரு வாயிலிருந்து மட்டும் வந்தால் போட மாட்டோம், இரண்டாவது ஆளிடம் கேட்போம், கடதாசி இருந்தால் அதையும் பார்ப்போம் என்றேன். அவருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. “அப்ப நீங்களும் தட்டிப் பாத்துதான் எறங்குறீங்க” என்றார். அதற்குப் பிறகு நான் சொல்லும் எதையும் அவர் இரண்டாம் முறை கேட்டதில்லை.

ஆறாவது வளவு என் அத்தானுடையது. அக்காவின் கணவர். கடலுக்கு இரண்டு ஒழுங்கை இப்பால் இருந்த அந்த வீடு எண்பத்து மூன்று கலவரத்தில் எரிந்தது. அத்தான் அந்த வருடமே அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். அக்காவைக் கட்டியதும் அங்கேதான். அத்தானின் தகப்பன் அதே வளவில் வீட்டைத் திரும்பக் கட்டி, தானும் மனைவியுமாகச் சாகும்வரை அதில் இருந்தார். பிறகு வாடகைக்குச் சிலர், பிறகு ஒருவரும் இல்லை. புதிய வீட்டில் அத்தான் ஒரு நாளும் வாழ்ந்ததில்லை. ஆனாலும் வீடு என்று அவர் சொன்னால், அது எரிந்த வீடுதான். இதை நான் அப்போது யோசித்திருக்க வேண்டும்.

நோட்டீசுக்குத் தவணை திங்கட்கிழமை. சனிக்கிழமை வேலை. ஒரு கிழமைக்கு முன்னரே ஒப்பரேட்டர் வழக்கமான கேள்வியைக் கேட்டிருந்தார், கிணறு எங்கே என்று. நான் அக்காவிடம் கேட்டேன். அக்கா அத்தானிடம் கேட்டுவிட்டு, குசினிக்குப் பின்னால், மூடிக் கிடக்கிறது என்றாள். அதோடு, காணியின் நில அளவைப் படம் உறுதிப் பத்திரக் கோப்புக்குள் உன்னிடம்தான் இருக்கிறது, எதற்கும் அதையும் ஒருக்கால் பார் என்றாள். பார்க்கிறேன் என்றேன். இரண்டு நாளில் அவள் மறுபடி கேட்டபோது பார்த்துவிட்டேன் என்றேன். அந்தக் கிழமை அலுவலகத்தில் ஆள் குறைவு, நான் களைத்திருந்தேன், அலுமாரியின் மேல் தட்டு உயரம். இவை எல்லாம் உண்மை. இவற்றில் எதுவும் காரணம் இல்லை. சிறு வயதிலிருந்தே அக்கா ஒன்றைச் செய்தாயா என்று கேட்டால் ஓம் என்று சொல்லிவிட்டுப் பிறகு செய்வது என் பழக்கம். இந்த முறை பிறகு செய்யவில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குச் சாமான்கள் சாக்கில் வரிசையாகிவிட்டன. வானம் மூட்டமாக இருந்தது. தண்டவாளப் பக்கமிருந்து உப்புக் காற்று வந்தது. பின்வளவில் இடுப்பளவு புல். புல்லுக்குள் ஓர் இடத்தில் இரண்டங்குல இரும்புக் குழாய் ஒன்று சாண் உயரத்துக்கு நீட்டிக்கொண்டு நின்றது. நான் அதைக் கண்டேன். உடுப்புக் காயவிடும் கொடிக்கு நட்ட கம்பியின் அடிப்பாகம் என்று நினைத்தேன். ஒப்பரேட்டர் வளவின் இடப்புற மூலையிலிருந்து அலவாங்கோடு தொடங்கி இரண்டு கோடு நடந்து முடித்திருந்தார். தொலைபேசித் திரையில் அக்கா. சிட்னியில் அவளுக்கு வேலைத்தலத்தின் பிற்பகல் இடைவேளை.

“என்னடி, இன்னும் துவங்கேல்லையே? எனக்கு இருவது நிமிசம்தான் இருக்கு. துவங்குறதையாவது பாத்திட்டுப் போறன்.”

அவருக்கும் அது கேட்டது. அலவாங்கை மண்ணில் ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“பிளான் பாத்தீங்களா மிஸ்?”

அக்கா திரையில் இருந்தாள். அவளிடம் பார்த்துவிட்டதாகச் சொன்ன அதே நான் அவள் முன்னால் நின்றேன்.

“ஓம் அண்ணன், பாத்தனான். கிணறு குசினிக்குப் பின்னால.”

அவர் குசினியைத் திரும்பிப் பார்த்தார். அது வீட்டின் வலப்புறத்தில் இருந்தது. அதன் பின்னால் ஓர் அகலமான சதுரத்தை ஓட்டுத் துண்டுகளால் அடையாளம் போட்டு ஒதுக்கினார். அந்தப் பக்கம் இயந்திரம் போகாது என்றார். பிறகு அலவாங்கை மதிலில் சாய்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை ஒருமுறை வாரிக்கொண்டு கூட்டுக்குள் ஏறினார். அதற்குள் அவரை நிறுத்தப் போதுமான நேரம் இருந்தது. நான் தொலைபேசியை இயந்திரத்தின் பக்கம் திருப்பிப் பிடித்தேன்.

சுழல்கத்தியை முழங்கால் உயரத்தில் வைத்து இடப்புறப் புல்லை வெட்டி முடித்தார். அதைக் கழற்றிப் பக்கட்டை மாட்டினார். மூன்றாவது முறை பக்கட்டை நிரப்பிக்கொண்டு வீட்டுப் பக்கமாகத் திரும்பும்போது அந்த இடம் உள்ளே போனது. பெரிய சத்தம் இல்லை. நிறைந்த பானை ஒன்று தண்ணீருக்குள் உடைவது போல இருந்தது. முன்சில்லு இரண்டும் இறங்கி, இயந்திரம் மூக்குக் குத்திச் சாய்ந்து நின்றது. பின்சில்லுகள் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தன. அவரே இயந்திரத்தை நிறுத்தினார். உடைந்த கொங்கிறீட் மூடியின் ஒரு துண்டு நிமிர்ந்து, கூட்டின் முன்வாசலால் உள்ளே புகுந்து, அவருடைய வலது காலை இருக்கையோடு சேர்த்து நசுக்கியிருந்தது. இறங்க இருந்த ஒரே வழி அதுதான்.

முச்சக்கர வண்டிக்காரர்கள் ஓடி வந்தார்கள். பூசையைப் பற்றிக் கேட்ட அவன்தான் முதலில் குழிக்குள் இறங்கினான். மதிலில் சாய்த்திருந்த அலவாங்கை எடுத்து, கொங்கிறீட்டின் அடியில் கொடுத்து, நான்கு பேர் அதன்மேல் தொங்கி நெம்பினார்கள். நாற்பது நிமிடம் ஆனது. ஒப்பரேட்டர் கத்தவில்லை. பற்களை இறுக்கிக்கொண்டு, எந்தப் பக்கம் நெம்ப வேண்டும் என்று சிங்களத்திலும் தமிழிலும் சொல்லிக்கொண்டே இருந்தார். அக்காவின் குரல் என் கைக்குள்ளிருந்து, என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தது. நான் எப்போது அழைப்பைத் துண்டித்தேன் என்பது மட்டும் எனக்கு நினைவில்லை.

அம்புலன்ஸ் வருவதற்கு முன்னர் கிராண்ட்பாஸிலிருந்து முதலாளி வந்துவிட்டார். ஒப்பரேட்டரைக் கழற்றிய கதவுப் பலகையில் கிடத்தியிருந்தார்கள். முதலாளி குழியைப் பார்த்தார், இயந்திரத்தைப் பார்த்தார், கடைசியாக அவரைப் பார்த்தார்.

“எல்லா எடமும் தட்டிப் பாத்தியா?”

“இல்ல முதலாளி.”

“நீயா?”

மூன்று அடி தூரத்தில் நான் நின்றேன். சுற்றி நின்றவர்கள் பன்னிரண்டு பேர். எல்லோருடைய முகத்திலும் ஒரே எண்ணம்தான் இருந்தது: இவர்கூடத் தட்டிப் பார்க்காமல் இறங்கிவிட்டார். நான் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு நான்கு சொற்கள் போதும். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நீண்ட காலம் எனக்கு நானே சொல்லி வந்தேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை.

அன்று மாலை ஸ்டூலைப் போட்டு அலுமாரியின் மேல் தட்டிலிருந்து உறுதிக் கோப்பை இறக்கினேன். நில அளவைப் படம் புதிய வீட்டுக்கு வரைந்தது. பின்வளவின் இடப்புறத்தில் ஒரு சின்ன வட்டம், பக்கத்தில் கிணறு என்று எழுத்து. அத்தான் சொன்னது பிழை இல்லை. எரிந்த வீட்டின் குசினி இடப்புறத்தில் இருந்திருக்கிறது, தகப்பன் திரும்பக் கட்டியபோது அதை வலப்புறத்துக்கு மாற்றியிருக்கிறார். கிணற்றுக்கு மூடி போட்டவர், அது மூச்சு விட வேண்டும் என்று நம் ஆட்கள் வைப்பதைப் போல ஒரு குழாயும் வைத்திருக்கிறார். அதன் மேற்பகுதியை யாரோ வாடகைக்காரர் பிறகு அறுத்திருக்க வேண்டும். ஸ்டூலை எடுத்ததிலிருந்து அந்த வட்டத்தைக் காணும்வரை எனக்கு நான்கு நிமிடம் ஆனது.

பெரியாஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். அது எப்படியும் போயிருக்கும் கால், வைத்தியர்கள் தங்களால் முடிந்ததைச் செய்தார்கள். கால் போனால் அந்த இயந்திரத்தை ஓட்ட முடியாது. ஆனால் முதலாளி அவரை வேறு வேலைக்கும் எடுக்கவில்லை. சாமான் பார்க்கவும், வேலைக்கு முன்னர் வளவைப் போய்ப் பார்த்துச் சொல்லவும் அவரைவிடப் பொருத்தமான ஆள் இருந்திருக்க முடியாது. அந்த வேலைக்குத் தேவையான ஒன்றே ஒன்றுதான் அவரிடமிருந்து போயிருந்தது. தட்டிப் பாக்காம எறங்குன ஆளு என்று மற்ற ஒப்பரேட்டர்கள் சொன்னார்கள். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அதை ஒரு கதையாகவும் சொன்னார்கள். அவர் கிராண்ட்பாஸில் இயந்திரங்களுக்கு எண்ணெய்க் குழாய் பொருத்தும் ஒரு கடையின் பின்புறத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து குழாய் வெட்டினார்.

நான் இரண்டு முறை போய்ப் பார்த்தேன். முதல் முறை ஆஸ்பத்திரியில், சுற்றிலும் ஆட்கள். இரண்டாம் முறை ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய வீட்டில். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு போனேன். மனைவி தேநீர் போட உள்ளே போனார். ஒப்பரேட்டர் தலை வாரி, சட்டை மாற்றி, கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மடித்த பத்திரிகை பக்கத்தில் கிடந்தது. அதைத் தட்டிக் காட்டி மெதுவாகக் கேட்டார்.

“பேப்பர்ல பிழையா ஒண்ணு வந்திட்டா என்ன செய்வீங்க மிஸ்?”

“அடுத்த நாள் திருத்தம் போடுவம்.”

“மொதப் பக்கத்துலயா?”

“இல்லை. உள்பக்கத்தில, சின்னதா.”

அவர் தலையை ஆட்டினார். சின்னதா இருந்தாலும் போடுறது நல்லதுதான் என்றார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அவருடைய மடித்த காற்சட்டையைப் பார்த்தேன், யன்னலைப் பார்த்தேன். தேநீர் வந்தது. அலவாங்கு என்னிடம் இருக்கிறது, வளவைப் பூட்டும்போது எடுத்து வந்தேன், கொண்டுவந்து தருகிறேன் என்றேன். அவசரமில்ல மிஸ் என்றார். நான் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்தேன். பிறகு ஐந்து வருடம் அந்தத் தோட்டத்து வாசலைச் சுற்றிக்கொண்டு வேறு வீதியால் பஸ்ஸுக்குப் போனேன்.

போன வருடம் அவர் இறந்தார். சீனி வருத்தம், கடைசியில் சிறுநீரகம். தந்திக் கம்பத்தில் ஒட்டிய மரண அறிவித்தலில் பார்த்தேன். அதில் அவருடைய பெயரை நான் முதல் தடவையாக முழுமையாக வாசித்தேன். பொரளைக் கனத்தையில் தகனம். பின்வரிசையில் நின்றேன். பழைய ஒப்பரேட்டர்கள் இரண்டு பேர் எனக்கு முன்னால் நின்று தாழ்ந்த குரலில் கதைத்தார்கள். நல்ல மனுசன், ஒரு நாள் கவனப் பிசகு, அவ்வளவுதான் என்றார் ஒருவர். நான் அவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த பிறகு அலவாங்கைப் பத்திரிகையில் சுற்றிக்கொண்டு அவருடைய வீட்டுக்குப் போனேன். மனைவி தனியாக இருந்தார். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் தேநீர் வரும் என்று தெரியும். பிளான் பார்த்தீர்களா என்று அவர் என்னிடம் கேட்டார், நான் பார்க்காமலே பார்த்தேன் என்று சொன்னேன், அதனால்தான் அவர் இறங்கினார் என்று நின்றபடியே சொல்லி முடித்தேன். அந்த அம்மா முந்தானையால் கதிரையின் கையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

“ஆறு வருசமா அவருகிட்ட ஒரே ஒரு கேள்விதான் மிஸ் கேட்டேன். ஏன் தட்டிப் பாக்காம எறங்குனீங்கன்னு. சண்ட வந்தா அதத்தான் கேப்பேன். சோறு போடும்போதுகூட கேட்டிருக்கேன்.”

குரல் உயரவில்லை.

“ஒரு தரங்கூட உங்க பேரச் சொல்லல.”

நான் அலவாங்கை நீட்டினேன். அவர் பத்திரிகைச் சுற்றைப் பிரிக்கவில்லை, தொடவும் இல்லை. அது உங்ககிட்டயே இருக்கட்டும் மிஸ் என்றார். அதில் கோபம் இருந்ததா என்று இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வாசல்வரை வந்தார். நான் தெருவில் இறங்கியதும் கதவைச் சாத்தினார்.

அதை ஆறாம் மாடிக்குக் கொண்டுவந்து, பத்திரிகைச் சுற்றைப் பிரித்துவிட்டுப் பழைய இடத்தில் வைத்தேன். வெள்ளவத்தை வளவு இப்போது எங்களுடையது இல்லை. அங்கே எட்டு மாடி எழும்பிக்கொண்டிருக்கிறது. கிணற்றை மண் போட்டு நிரப்பி, அதன்மேல் வாகனத் தரிப்பிடம் கட்டுகிறார்கள். கிராண்ட்பாஸ் முதலாளியிடம் போய், பிளானைப் பார்க்காமலே ஓம் என்று நான் சொன்னதைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, இப்ப யாருக்கு மிஸ் அது என்றார். அவர் கேட்டது நியாயம். ஆனாலும் மற்ற மூன்று ஒப்பரேட்டர்களுக்கும் சொல்லச் சொன்னேன். சொன்னாரா என்று தெரியாது.

சென்ற மாதம் மின்கட்டண மானி பார்க்க வந்தவர் கதவைச் சாத்தும்போது அலவாங்கைக் கண்டுவிட்டு, இது யாருடையது என்று கேட்டார். ஒரு வேலையாள் விட்டுப்போனது என்று வாய் வரை வந்தது. ஓர் ஒப்பரேட்டருடையது, வேலைக்கு முன்னர் அவர் என்னிடம் பிளான் பார்த்தீர்களா என்று கேட்டார், நான் பார்க்காமல் ஓம் என்றேன், அவருக்குக் கால் போனது என்றேன். மானி பார்க்க வந்தவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எழுதிய துண்டை என் கையில் தந்துவிட்டுப் படியிறங்கினார். நான் கதவைச் சாத்தினேன். சைக்கிள் டியூப் சுற்றிய இடத்தில் மட்டும் இன்னும் துருப் பிடிக்கவில்லை.